உடைக்காமல், சுரண்டாமல், கரைக்காமல்: பழம்பொருள் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சிலை, சுவடி, பானை, வாள் போன்றவற்றுக்குச் சேதம் வராமல் ஆராயும் முறைகளைப் பற்றி எங்கே பேசினாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

சேதமில்லா ஆய்வு என்றால் என்ன?

கடையில் தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம், விரலால் தட்டிப் பார்க்கிறோம். மண்பானையைச் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்தால்தான் காசு கொடுக்கிறோம். உடைக்காமலே உள்ளே தண்ணீர் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதுதான் சேதமில்லா ஆய்வு. ஆய்வகத்தில் விரலுக்குப் பதில் எக்ஸ்ரே, காமா கதிர், நியூட்ரான், அகச்சிவப்பு ஒளி, லேசர் என்று வெவ்வேறு 'தட்டல்கள்'. திரும்பி வருவதை வைத்து, உள்ளே என்ன என்று கணிக்கிறார்கள்.

இதற்கு ஒரு தம்பி முறையும் உண்டு. குண்டூசி முனை அளவு மட்டும் எடுத்துச் செய்யும் ஆய்வு அது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும் எடுத்தது எடுத்ததுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்தக் காலத்தில் எப்படி ஆராய்ந்தார்கள்?

ஒரு கதை சொன்னால் போதும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேயோடு சேர்ந்து ஹெர்குலேனியம் என்ற ஊரும் புதைந்தது. அங்கே ஒரு செல்வந்தர் மாளிகையில் பாப்பிரஸ் சுருள்கள் நிறைந்த நூலகம் இருந்தது. வெப்பம் அந்தச் சுருள்களைச் சாம்பலாக்கவில்லை, அடுப்புக்கரி மாதிரி ஆக்கிவிட்டது. 1752இல் சுரங்கம் வெட்டிப் போனவர்களுக்கு அவை கரிக்கட்டைகளாகத்தான் தெரிந்தன. சிலவற்றைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள்.

எழுத்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. சுருளை நீளவாக்கில் கத்தியால் பிளந்தார்கள். மேலே தெரிந்த எழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டு, அந்த அடுக்கைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனார்கள். படித்த பக்கத்தைக் கிழித்தால்தான் அடுத்த பக்கம் வரும் என்ற கதை. பிறகு வத்திக்கானிலிருந்து அந்தோனியோ பியாஜ்ஜியோ என்ற பாதிரியார் வந்தார். சுருளின் ஓரத்தைப் பட்டு நூல்களால் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒரு சுருளுக்கு வருடக்கணக்கில் ஆனது. கத்திக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் பல சுருள்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன.

அவர்கள் மூடர்கள் இல்லை. படிக்கும் ஆசையில் கையில் இருந்த வழியைப் பயன்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், இதைப் பிரிக்கவே முடியாது என்று கைவிட்டு மூலையில் வைத்த நூற்றுக்கணக்கான சுருள்களுக்குத்தான் இன்று மதிப்பு.

அந்தக் கரிக்கட்டைகளை இன்று படிக்க முடிகிறதா?

முடிகிறது, கொஞ்சம் கொஞ்சமாக. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்துக் கணினியியலாளர் பிரென்ட் சீல்ஸ் இதற்காகப் பல ஆண்டுகள் மெனக்கெட்டார். சுருளைத் தொடாமல் சிடி ஸ்கேன் செய்து, கணினிக்குள் பிரிப்பது அவர் வழி.

முதலில் பலித்தது வேறொரு சுருளில். இஸ்ரேலின் என்-கெடியில் 1970இல் கிடைத்த, தொட்டால் உதிரும் ஒரு எரிந்த தோல் சுருள் அது. அதை நுண் சிடி ஸ்கேன் செய்து, சுருண்ட அடுக்குகளைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தடம்பிடித்துத் தட்டையாக்கினார்கள். உள்ளே இருந்தது பைபிளின் லேவியராகமம். அதன் மையில் உலோகம் கலந்திருந்ததால் எக்ஸ்ரேயில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

ஹெர்குலேனியத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே மையும் கரி, தாளும் கரி. எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றுதான். பாரிஸில் இருக்கும் சில சுருள்களை இங்கிலாந்தின் டயமண்ட் சிங்க்ரோட்ரானுக்கு (மிகத் தீவிரமான எக்ஸ்ரே தரும் பெரிய ஆய்வுக்கூடம்) கொண்டுபோய் ஸ்கேன் செய்தார்கள். ஒரு புள்ளி ஏறத்தாழ 8 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அப்படியும் வெறும் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. 2023 மார்ச்சில் அந்தத் தரவுகளை உலகத்துக்கே திறந்துவிட்டு, படிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள்.

சில மாதங்களில் ஒருவர் ஸ்கேன் படத்தையே உற்று உற்றுப் பார்த்து, மை இருந்த இடத்தில் காய்ந்த குளத்து மண் போல ஒரு மெல்லிய வெடிப்புத் தோற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு, 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார். 2023 அக்டோபரில் முதல் முழுச் சொல் வெளிவந்தது: 'போர்ஃபிராஸ்', ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் ஃபாரிட்டர், யூசுஃப் நாதிர், ஜூலியன் ஷில்லிகர் மூவரும் 7 லட்சம் டாலர் பரிசை வாங்கினார்கள். அவர்கள் படித்தது சுருளில் ஏறத்தாழ 5 சதவீதம். இன்பம், இசை, உணவு பற்றிய தத்துவ நூல் அது.

கணினி தானாகக் கதை கட்டியிருக்காதா என்று உடனே சந்தேகம் வரும், வரவும் வேண்டும். அந்த நிரலுக்குக் கிரேக்க மொழி எதுவும் சொல்லித்தரப்படவில்லை. ஒரு எழுத்தைவிடச் சிறிய பரப்பைப் பார்த்து, மை இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்லும். எழுத்தாகப் படித்தது மனிதர்கள்.

கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிலையைக் காட்டுகிறார்களே, அது என்ன?

எக்ஸ்ஆர்எஃப் கருவி, தமிழில் எக்ஸ்ரே ஒளிர்வு என்று சொல்லலாம். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்க ஒரு பெட்டிக்குள் வைத்து நொடியில் சதவீதம் சொல்கிறார்களே, அதே தத்துவம். எக்ஸ்ரே ஓர் அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றும். காலியான இடத்துக்கு வெளிவட்ட எலெக்ட்ரான் இறங்கும். இறங்கும்போது மிஞ்சிய ஆற்றல் இன்னொரு எக்ஸ்ரேயாக வெளியே வரும். செம்பு அனுப்புவது ஓர் ஆற்றல், ஈயம் அனுப்புவது வேறு. கருவி அதைக் கேட்டு இன்னார் என்று சொல்லிவிடுகிறது.

இதன் புகழ்பெற்ற வெற்றி பழைய எகிப்து மன்னர் துட்டன்காமுனின் கத்தி. மம்மியின் துணிச் சுற்றுக்குள் 1925இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் எடுத்தது. எகிப்தில் இரும்பை உருக்கும் தொழில் பரவாத காலத்தில் துருவே ஏறாத இரும்புக் கத்தி எப்படி வந்தது என்று பல காலம் வாதம். ஒரு துகள் சுரண்டினால் பதில் கிடைத்திருக்கும், ஆனால் துட்டன்காமுன் கத்தியை யார் சுரண்ட விடுவார்கள்? கடைசியில் கெய்ரோ அருங்காட்சியகத்துக்கே கருவியை எடுத்துப்போய்ப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இரும்போடு ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கல், 0.6 சதவீதம் கோபால்ட். பூமியின் தாதுவிலிருந்து அந்தக் காலத்தில் எடுத்த இரும்பில் இவ்வளவு நிக்கல் வராது, விண்கல்லில் வரும். வானத்திலிருந்து விழுந்த இரும்பை அடித்துச் செய்த கத்தி.

அப்படியானால் அந்தக் கருவி சொன்னால் நம்பிவிடலாம்தானே?

நம்பலாம், கருவி எதைப் பார்த்தது என்று தெரிந்தால். இந்தத் துறையில் அதிகமாகத் தவறாகப் பயன்படும் கருவி இதுதான் என்பது என் அபிப்பிராயம். பொத்தானை அழுத்தினால் தசமப் புள்ளி வரை எண் வருகிறது. எண் வந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

செம்புக் கலவையில் இது பார்ப்பது மேலே உள்ள சில பத்து மைக்ரான் ஆழம்தான். அதாவது தோலை மட்டும். ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் தோல் என்பது பச்சைக் களிம்பு. செம்பு கரைந்து போய், வெள்ளீயம் தங்கிப்போயிருக்கும். களிம்பின் மேல் கருவியை வைத்தால் வெள்ளீயம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஈயமோ செம்போடு ஒன்றாகக் கலக்காமல் துளித்துளியாகத் தங்கும் உலோகம். தோளில் ஓர் அளவு வரும், பீடத்தில் வேறு அளவு வரும். முலாம் பூசிய பொருள் என்றால் முலாமைப் பற்றித்தான் சொல்லும். கார்பன் போன்ற லேசான தனிமங்கள் இதற்குத் தெரியவே தெரியாது, அதனால் ஒரு வாள் எஃகா, வெறும் இரும்பா என்று இதனிடம் கேட்டுப் பயனில்லை.

துட்டன்காமுன் கத்தியில் இது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், அந்தக் கத்தி கிட்டத்தட்டத் துரு இல்லாமல் இருந்தது. கேட்ட கேள்வியும் அப்படி: நிக்கல் அதிகமா, இல்லையா? நான்காம் தசமம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஐம்பொன் சிலையில் உண்மையிலேயே தங்கம் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் மிகச் சொற்பம். சோழர் கால செப்புத் திருமேனிகளை ஆராய்ந்தவரை அவற்றில் பெரும்பங்கு செம்பு, கூடவே வெள்ளீயமும் ஈயமும். வார்க்கும்போது சம்பிரதாயத்துக்குக் கொஞ்சம் பொன்னும் வெள்ளியும் இடுவது வேறு விஷயம். தங்கத்துக்காகச் சிலை திருடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் நல்லது.

சிலையின் உள்ளே பார்க்க என்ன செய்வார்கள்?

சாதாரண எக்ஸ்ரே கை எலும்பைப் பார்க்கப் போதும். கெட்டியான வெண்கலத்துக்கு முன்னால் அது நின்றுவிடும். தென்னிந்தியத் திருமேனிகளில் பெரும்பாலானவை மெழுகு வார்ப்பில் உள்ளே வெற்றிடமே இல்லாமல் கனமாக வார்க்கப்பட்டவை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் அப்படித்தான் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவது. இவற்றுக்குள் பார்க்க அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயோ காமா கதிரோ வேண்டும். பார்த்தால் காற்றுக் குமிழி எங்கே தங்கியது, உடைந்த கையைப் பிற்காலத்தில் எங்கே ஒட்டினார்கள் என்பதெல்லாம் தெரியும்.

இங்கே கல்பாக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அணுஉலைக் குழாயில் மயிரிழை விரிசலைக்கூடத் தவறவிடாமல் பார்க்கப் பழகியவர்கள் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருந்தார்கள். பல்தேவ் ராஜ் தலைமையில் அவர்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, அதே முறைகளைச் செப்புத் திருமேனிகள் பக்கம் திருப்பினார்கள். ஒவ்வொரு சிலைக்கும் கைரேகை போல ஓர் அறிவியல் அடையாளம் பதிவு செய்வது நோக்கம். உலைக் குழாயையும் உமையையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு வழி நியூட்ரான். இதன் குணம் எக்ஸ்ரேக்கு நேர் எதிர். ஈயத்தை ஊடுருவிப் போய்விடும், ஆனால் மரம், காகிதம், மெழுகு போன்ற ஹைட்ரஜன் உள்ள பொருட்களில் தடுக்கிக்கொள்ளும். உலோகப் பெட்டிக்குள் பூ இருந்தால் எக்ஸ்ரேக்குப் பெட்டிதான் தெரியும், நியூட்ரானுக்குப் பூ தெரியும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தில் திபெத்திய புத்தர் சிலைகளை இப்படிப் பார்த்தார்கள். அந்தச் சிலைகளின் உள்ளே மந்திரச் சுருள், மரத்தண்டு, புனிதப் பொருட்கள் வைத்து, பூசை செய்து அடிப்பாகத்தை மூடிவிடுவது வழக்கம். மூடியதைத் திறப்பது பக்தர்களுக்கு அபசாரம், அருங்காட்சியகத்துக்கும் தர்மசங்கடம். நியூட்ரான் படத்தில் உள்ளே வைத்தவை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன, முத்திரையும் உடையவில்லை. சேதமில்லா ஆய்வு என்பதில் நம்பிக்கைக்குச் சேதம் வராமல் பார்ப்பதும் சேர்த்தி என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

நியூட்ரான் பட்டால் சிலை கதிரியக்கம் ஆகிவிடாதா?

கொஞ்ச நேரத்துக்கு ஆகும். செம்பில் உண்டாகும் கதிரியக்கம் ஏறத்தாழ 13 மணி நேரத்தில் பாதியாகும், பிறகு அதிலும் பாதி. அதனால் சில நாட்கள் தனியே வைத்து, அளந்து பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். கோபால்ட், வெள்ளி அதிகமுள்ள பொருள் என்றால் நீண்ட காலம் ஆகும். அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

உலகிலேயே பெரிய வெற்றி என்று எதைச் சொல்வீர்கள்?

ஆன்டிகிதெரா எந்திரம். தயக்கமே இல்லை.

கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். 1901இல் அதிலிருந்து பளிங்குச் சிலைகளோடு, பச்சை பிடித்த ஒரு கட்டியும் மேலே வந்தது. அது உடைந்தபோது உள்ளே பற்சக்கரம்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கட்டிக்குள் கடிகாரச் சக்கரம் என்றால் யார் நம்புவார்கள்? 1971இல் டெரெக் டி சோலா பிரைஸ் எக்ஸ்ரே, காமா கதிர்ப் படங்கள் எடுக்கவைத்து, சக்கரங்களின் பற்களை எண்ணப் பார்த்தார். ஆனால் அது தட்டைப் படம். முப்பது சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாது.

2005இல் சிடி ஸ்கேன் வந்தது. எந்திரத்தின் 82 துண்டுகளும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சரி, ஸ்கேனரே வரட்டும் என்று, பல டன் எடையுள்ள கருவியை லாரியில் ஏற்றி இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். விமான இயந்திரத்தின் இறக்கைத் தகடுகளைச் சோதிக்கும் வகைக் கருவி அது.

இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி அடுக்காகப் பார்க்க முடிந்தது. பெரிய சக்கரம் ஒன்றில் 223 பற்கள் என்று முடிவானது. 223 சந்திர மாதத்துக்கு ஒருமுறை கிரகணங்கள் ஏறத்தாழ அதே வரிசையில் திரும்ப வரும் என்பது பாபிலோனியர் கண்ட கணக்கு. அதாவது இது கிரகணம் சொல்லும் எந்திரம்! இன்னொரு இடத்தில் ஒரு சக்கரத்தின் முளை அடுத்த சக்கரத்தின் பள்ளத்தில் சறுக்கி ஓடுகிறது. நிலா சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதை அந்த முளை நடித்துக் காட்டுகிறது. உள்ளே புதைந்திருந்த எழுத்துகளும் ஆயிரக்கணக்கில் படிக்கக் கிடைத்தன. கிட்டத்தட்ட பயன்படுத்தும் கையேடே உள்ளே பொறித்திருந்தார்கள். களிம்பை நீக்கிச் சுத்தம் செய்திருந்தால் அந்த எழுத்துகளில் பல களிம்போடு போயிருக்கும்.

அழிந்த எழுத்தைப் படிக்க முடியுமா? நம் ஓலைச்சுவடிகளுக்கு இது பயன்படுமா?

இரண்டுக்கும் ஒரே ஆளைச் சாட்சி சொல்லக் கூப்பிடலாம். ஆர்க்கிமிடீஸ் எழுதியவற்றின் 10ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை, 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் சுரண்டிக் கழுவிவிட்டு, அந்தத் தோலிலேயே பிரார்த்தனைப் புத்தகம் எழுதினார். 1998இல் அது 20 லட்சம் டாலருக்கு ஏலம் போய், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஆய்வுக்கு வந்தது. புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை பல நிற ஒளிகளில் தனித்தனியே படம் எடுத்து, கணினியில் சேர்த்தபோது அடியில் இருந்த எழுத்து மேலே வந்தது. சில பக்கங்களில் யாரோ 20ஆம் நூற்றாண்டில் தங்கப் பின்னணியோடு போலி ஓவியம் வரைந்து மறைத்திருந்தார்கள். ஒளி அதைத் தாண்டவில்லை. ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரானில் எக்ஸ்ரே செலுத்தி, மையில் இருந்த இரும்பை மட்டும் படமாக்கிப் படித்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ராஜர் ஈஸ்டன், ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் முகுந்தோடு சேர்ந்து அடுத்து வந்தது கர்நாடகத்துக்கு. மத்வாச்சாரியாரின் 'சர்வமூல' நூல்கள் அடங்கிய, கறுத்துப்போய் ஓரம் நொறுங்கிய ஓலைச்சுவடியை அகச்சிவப்பில் படமெடுத்தார்கள். காரணம் எளிது. வயதான ஓலை கண்ணுக்குக் கறுப்பு, ஆனால் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். எழுத்தில் தடவிய மைக்கரி அங்கேயும் கறுப்புதான். வீட்டுப் பரணில் சுவடி வைத்திருப்பவர்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று மஞ்சள், கோவையிலைச் சாறு, விளக்குக்கரி எதையாவது தடவும் முன் ஒரு நல்ல படம் எடுத்துவிடுவது உத்தமம்.

சர் சி.வி. ராமனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1928இல் அவர் கண்ட ராமன் விளைவுதான் இன்று உலகம் முழுக்க ஓவிய நிறமிகளை அடையாளம் காணும் வழிகளில் ஒன்று. லேசரை ஒரு நிறப்புள்ளியில் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். எக்ஸ்ஆர்எஃப் இது செம்பு என்று மட்டும் சொல்லும் இடத்தில், ராமன் முறை இது செம்பின் எந்தச் சேர்மம், பச்சையா நீலமா என்று சொல்லும். ஒரே எச்சரிக்கை: லேசரைக் கூட்டி வைத்தால் கறுப்பு நிறமி கருகும். திருச்சியில் பிறந்தவர் கண்டுபிடிப்பை வைத்து ஐரோப்பியச் சுவடிகளின் நிறங்களைப் படிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன அல்ப சந்தோஷம்.

போலிகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பொய் சொன்னவர் ஏதாவது ஒரு பொருளை மறந்திருப்பார். யேல் பல்கலைக்கழகம் 1965இல் வெளியிட்ட வின்லாந்து வரைபடம், கொலம்பஸுக்கு முன்பே ஐரோப்பியர் அமெரிக்காவை அறிந்ததற்குச் சான்று என்று கொண்டாடப்பட்டது. 1974இல் மையிலிருந்து சில துகள்களை எடுத்துப் பார்த்தபோது டைட்டானியம் டைஆக்சைடு இருந்தது. 1920களுக்குப் பிறகு மையில் வந்த பொருள் அது. ஆனால் துகள் சிலதுதானே, வெளியிலிருந்து ஒட்டிய தூசியாக இருக்கலாமே என்று பல வருடம் வாதாடினார்கள். 2021இல் வரைபடம் முழுவதையும் எக்ஸ்ஆர்எஃப் கொண்டு வருடிப் பார்த்தார்கள். கோடு போன இடமெல்லாம் டைட்டானியம். யேலே போலி என்று அறிவித்துவிட்டது.

துகள் எடுத்த ஆய்வு தீர்க்காததை, எதையும் எடுக்காத ஆய்வு தீர்த்தது. எல்லா நேரமும் இப்படி நடக்காது, ஆனால் முழுப் பரப்பையும் பார்க்க முடிவது இந்த முறைகளின் பெரிய பலம்.

வயதைச் சேதமில்லாமல் சொல்ல முடியுமா?

பொதுவாக முடியாது. கார்பன் கணிப்புக்கு மாதிரியை எரிக்க வேண்டும். 1949இல் வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளர் இதைத் தொடங்கியபோது கிராம் கணக்கில் தேவைப்பட்டது, இன்று ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். 1988இல், இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் டூரின் துணியை ஆராய அஞ்சல்தலை அளவுத் துண்டுகளை வெட்டி மூன்று ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்காவுக்கு அனுப்பித்தான் கி.மு. 580 என்ற கணக்கு வந்தது. குழியில் கிடைத்த கரித்துண்டு என்பதால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கல்லுக்கும் வெண்கலத்துக்கும் கார்பன் கணிப்பு கிடையாது. சிலையைக் கார்பன் டேட்டிங் செய்து ஆயிரம் வருடம் என்று உறுதிசெய்தார்கள் என்று செய்தி வந்தால், எழுதியவர் எதையோ குழப்பியிருக்கிறார்.

உண்மையாகவே எந்தச் சேதமும் இல்லையா?

கண்ணுக்கு இல்லை. ஆனால் பொருளின் ஞாபகத்துக்கு வரலாம். சுட்ட மண்பானையின் வயதை அறிய வெப்ப ஒளிர்வு என்று ஒரு முறை இருக்கிறது. சூளையில் சுட்ட நாளிலிருந்து பானை வாங்கிச் சேர்த்த இயற்கைக் கதிரின் அளவை அது அளக்கும். அதற்கு முன் யாராவது அந்தப் பானையைச் சிடி ஸ்கேன் செய்திருந்தால், ஸ்கேனரின் கதிரும் கணக்கில் ஏறி வயது தப்பாக வரும். பானை உடையவில்லை, கீறல் இல்லை, ஆனால் கடிகாரம் கெட்டுவிட்டது. அதனால் எந்த ஆய்வு முதலில், எது பிறகு என்று உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். என்ன கதிர், எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதியும் வைக்க வேண்டும்.

பிரமிடுக்குள் ரகசிய அறை கண்டுபிடித்தார்களே, அது எப்படி?

மியூவான். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் துகள். தரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது, உங்கள் தலையிலும்தான். கல் வழியே வந்தால் குறைவாகவும், வெற்றிடம் வழியே வந்தால் கூடுதலாகவும் வரும். மாதக்கணக்கில் எண்ணினால் வெற்றிடம் எங்கே என்று தெரியும். இப்படித்தான் கூஃபுவின் பெரிய பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். 2023இல் வடக்கு முகப்பின் பின்னால் 9 மீட்டர் நடைவழி ஒன்றை, கல் இடுக்கு வழியே மெல்லிய கேமரா நுழைத்து நேரிலேயே பார்த்தார்கள். புதையல் எதுவும் இல்லை.

திருடுபோன சிலையை மீட்க எந்தக் கருவி உதவும்?

கேமரா. விளையாட்டாகச் சொல்லவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது எங்கள் கோயில் சிலை என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படம். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். உலோகக் கலவையை மட்டும் வைத்து இந்தச் சிலை இந்த ஊருடையது என்று சொல்லிவிட முடியாது. வார்ப்பில் விழுந்த சிறு பள்ளம், ஒடிந்த விரல், கல்வெட்டு எல்லாம் படத்தில் இருந்தால் எந்த நீதிமன்றத்திலும் பேசும். உங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளுக்கு நாலு பக்கமும் எடுத்த படம் பதிவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது பானையோ சிலையோ கிடைத்தால் என்ன செய்வது?

முதலில் கையை எடுங்கள். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து, செல்போனில் படம் எடுங்கள். எவ்வளவு ஆழம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் இதுதான். பச்சையாக இருக்கிறதே, பாவம், சாமி, சுத்தம் செய்வோம் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது, அதில் ஒட்டியிருந்த துணியின் நெசவுத் தடம், மண், மெல்லிய எழுத்துக் கீறல் எல்லாம் சேர்ந்து போய்விடும். திருநீறு போட்டுத் துலக்குவதும் வேண்டாம். உடைந்த ஓட்டை ஃபெவிகால் போட்டு ஒட்டவும் வேண்டாம்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும், அவர்கள் மேலே தெரிவிப்பார்கள். அவர்கள் வரும்வரை பொருளை வெயிலில் காயவிடாமல், ஈரமண்ணோடு அப்படியே ஒரு சாக்கால் மூடி வையுங்கள். பானைக்குள் மண் இருந்தால் கொட்டிவிடாதீர்கள்.